விடுதலைப் பத்திரம்

காலிக்குடத்தோடு ரோட்டில் உட்காரப் பெண்கள் வேண்டும். மறியல் முடிந்து தாசில்தாரோடு பேசப் போவது ஆண்களாகிய நாம். கோவை முதல் ஈரோடு வரை இது நடக்காத ஊரைக் காட்டுவது கஷ்டம்.

பாசன சங்கத்தில் பெண்கள் ஏன் இல்லை என்று கேட்டால், "அவங்க பேர்ல பூமி இல்லீங்களே" என்கிறோம். 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் ஓட்டு நில உடைமையாளருக்குத்தான். ஆனால் பூமி ஏன் அவர்கள் பெயரில் இல்லை? பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டது. நாடு முழுக்க அது வந்தது 2005-இல். நாம் என்ன செய்தோம்? நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று என்று சொல்லி, கூடப் பிறந்தவளைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினோம். வாய்க்கால் தண்ணீரில் அவளுக்கு இருந்திருக்க வேண்டிய ஓட்டையும் அன்றே எழுதி வாங்கிவிட்டோம். வாக்கப்பட்டுப் போன வீட்டில் பட்டா மாமனார் பேரில். பரம்பிக்குளம்–ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்காலில் நடுச்சாமத்தில் முறைத் தண்ணீர் வந்தால் டார்ச் லைட்டோடு மடை திருப்பப் போகிறவள் அவள். தண்ணீர் முறையைப் பேசும் கூட்டத்தில் மட்டும் அவளுக்கு இடமில்லை.

பூமி கேட்காத இடத்திலும் நாம் வழிவிடவில்லை. ஜல் ஜீவன் திட்டத்தின் கிராமக் குடிநீர்க் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது விதி. பெயரைச் சேர்த்தோம், கையெழுத்தை வீட்டு வாசலிலேயே வாங்கிக்கொண்டோம். எந்தத் தெருக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கிறது, எந்த போர் உப்பேறிவிட்டது என்று தெரிந்தவர்களை நாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் பாட்டி இருந்தார். கடை வைத்துச் சம்பாதித்துத் தன் பெயரில் தோட்டம் வாங்கினார். வார்டு உறுப்பினரானார், காரமடை ஒன்றியக் கவுன்சிலரானார். 2021-இல் பத்மஸ்ரீ வந்தபோது நம்ம ஊர்ப் பாட்டி என்று பூரித்தோம். நூறு வயது தாண்டியும் தோட்டத்தில் இறங்கி வேலை செய்ததைப் பேசிப் பேசி மாய்ந்தோம். பூமி அவர் பெயரில் இருந்தது என்பதை நாம் பேசவே இல்லை. 2024 செப்டம்பரில் அவர் காலமானார்.

அதற்கு முந்தைய மாதம்தான் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் திறக்கப்பட்டது. அறுபது ஆண்டுக் கோரிக்கை, 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர். அந்தப் போராட்டத்தின் கதையை அப்பாக்களின் கதையாகவும் தாத்தாக்களின் கதையாகவும்தான் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். வறண்ட காலத்தில் தண்ணீருக்காக மைல்கணக்கில் நடந்த அம்மாக்களை அதில் சேர்க்கவில்லை.

நிலம் வைத்திருக்கும் அண்ணன்மாரே, தம்பிமாரே, மகளிடம் விடுதலைப் பத்திரம் கேட்காதீர்கள். வீட்டுக்காரம்மா பெயருக்கு ஒரு ஏக்கராவது எழுதிவைத்துப் பட்டா மாற்றுங்கள். அடுத்த சங்கத் தேர்தலின் வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் வரட்டும்.