ஆன்மாக்களைக் காட்டி அடைத்த வாய்

கடவுளை மறுப்பவனுக்கு ஒழுக்கம் ஏது, நன்மை தீமையை அவன் எதைக் கொண்டு அளப்பான் என்று நம்மை நோக்கிக் கேட்போர் பலர். அந்தக் கேள்வியையே வாணாள் தொழிலாக்கிக் கொண்டு, பல்கலைக்கழக மேடைகள் தோறும் முழங்கி வந்தார் ஒருவர். 1946-இல் சென்னையில் பிறந்து, கனடாவில் குடியேறி, 1984-இல் தம் பெயராலேயே உலகளாவிய பிரசார நிறுவனம் கண்ட ரவி சகரியாஸ். 2020 மே திங்களில் அவர் மறைந்தார். நினைவுக் கூட்டத்தில் புகழுரை ஆற்றியவர் யார்? அமெரிக்காவின் அன்றைய துணைக் குடியரசுத் தலைவர்!

தோழர்களே, நான்கே திங்களில் திரை கிழிந்தது. அட்லாண்டா அருகே அவர் பங்குதாரராயிருந்த மசாஜ் நிலையங்களின் பெண் ஊழியர் மூவர், அவரால் தமக்கு நேர்ந்த கொடுமையைக் கூறினர். அதனை வெளியிட்டது நாத்திக ஏடன்று. பில்லி கிரகாம் தோற்றுவித்த 'கிறிஸ்டியானிட்டி டுடே'. அந்த நேர்மையை நாம் மதிக்கிறோம், மறைக்க மாட்டோம். பின்னர் அவருடைய நிறுவனமே அமர்த்திய வழக்கறிஞர்கள் ஆராய்ந்து, 2021 பிப்ரவரியில் அறிக்கை அளித்தனர். குற்றச்சாட்டு மெய்யென்றனர்.

அவ்வறிக்கையில் ஒரு பெண்ணின் வாக்குமூலம் உண்டு. வறுமையில் வாடிய அவளுக்கு நிறுவனத்தின் பணத்திலிருந்து உதவி போயிற்று. உதவிக்கு விலையாக அவள் உடல் கேட்கப்பட்டது. நடந்ததை அவள் வன்புணர்வு என்றே குறித்தாள். வெளியில் சொன்னால், அவர் புகழ் கெட்டு இலட்சக்கணக்கான ஆன்மாக்கள் மீட்பை இழக்கும், அந்தப் பழி உன்னையே சாரும் என்று அவளை எச்சரித்தாராம்! கத்தியைக் காட்டி மிரட்டுபவனிடமிருந்து ஓடலாம். சொர்க்கத்தையும் நரகத்தையும் காட்டி மிரட்டுபவனிடமிருந்து, அவற்றை நம்புகிற பேதை எங்கே ஓடுவாள்?

"மனிதர் தவறினார், மதம் என் செய்யும்?" என்பர் அன்பர்கள். தனி மனிதரின் சறுக்கல் எனில் நாம் எழுதுகோலைத் தொட்டிருக்க மாட்டோம். ஆனால் அவளுடைய வாயை அடைத்தது அவர் தோள்வலியா? அவர் போதித்த போதனையேயன்றோ பூட்டாயிற்று! கடவுளின்றி ஒழுக்கமில்லை என்றவர், கடவுளைக் கொண்டே ஒழுக்கக்கேட்டுக்குக் காவல் போட்டார்.

முன்கூட்டியே மணி அடிக்கவில்லையா? அடித்தது. அவர் பெயருக்கு முன் நின்ற டாக்டர் பட்டம் மதிப்புறு பட்டம், படித்துப் பெற்றதன்று. இதைத் தோண்டியெடுத்துக் கேட்டவர் ஓர் அமெரிக்க நாத்திக வழக்கறிஞர். 2017-இல் கனடா நாட்டுப் பெண்ணொருத்தியும் முறையிட்டாள். அவளும் அவள் கணவரும் பணம் பறிக்க முயல்கின்றனர் என்று வழக்குத் தொடுத்தார் சகரியாஸ். யாரும் எதுவும் பேசலாகாது என்னும் உடன்படிக்கையோடு அது முடிந்தது. நிறுவனத்தார் தலைவரின் சொல்லையே நம்பினர். பட்டம் பொய்த்தபோதாவது ஐயம் பிறக்க வேண்டாமா? அங்கே ஐயம் பாவம், விசுவாசமே புண்ணியம். (நம் மேடைகளிலும் தலைவர் சொல்லை அப்படியே விழுங்கும் தம்பிமார் இல்லாமலில்லை, அவர்களும் இதைப் படிக்கட்டும்.)

அறிக்கை வந்தபின் நிறுவனத்தார் அந்தக் கனடாப் பெண்ணிடம் மன்னிப்புக் கோரினர். பதிப்பகம் அவர் நூல்களை விற்பனையிலிருந்து விலக்கிற்று. மூன்றாண்டுக்கு மேலாகப் பொய்யள் என்று பழி சுமந்தாள் அவள். புகழுரையைக் கேட்டுவிட்டு, கேள்வி எதையும் கேளாமலே போய்ச் சேர்ந்தார் அவர்.