ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்

எர்ணாகுளம் பிராட்வேயின் கடைத்தெரு நெரிசலை விட்டுக் காயலைக் கடந்தால் மட்டாஞ்சேரி அரண்மனை. போர்ச்சுகீசியர் 1555 வாக்கில் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தது. 1663க்குப் பின் டச்சுக்காரர்கள் செப்பனிட்டதால் ‘டச்சு அரண்மனை’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அங்குள்ள முடிசூட்டு மண்டபத்தில் கொச்சி மன்னர்களின் உருவப்படங்கள் வரிசையாக மாட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் 1864 முதல் ஆண்டவர்களின் படங்கள்தான் அவை. டச்சுப் பீரங்கிகளை எதிர்கொண்ட தலைமுறைக்கு அந்த வரிசையில் முகம் இல்லை. சுவர்களில் ராமாயணக் காட்சிகள் உண்டு. வரைந்தவர் யார் என்ற குறிப்பு இல்லை.

அதே பதினேழாம் நூற்றாண்டில் வடக்கே நிலைமை வேறு. 1605 முதல் 1627 வரை ஆண்ட ஜஹாங்கீருக்கு முகங்களின் மேல் தீராத மோகம். ஒரே முகத்தில் கண்ணையும் புருவத்தையும் வேறு வேறு ஓவியர் தீட்டியிருந்தாலும், எது யார் கை என்று தன்னால் சொல்ல முடியும் என்று தன் நினைவுக் குறிப்புகளில் பெருமையடித்துக்கொள்கிறார். அந்த மோகத்தின் புண்ணியத்தில் ஒரு ஓவியரின் குடும்பக் கதை நமக்குக் கிடைத்திருக்கிறது.

ஹெராத் நகரத்து ஆகா ரிஸா, ஜஹாங்கீர் இளவரசர் சலீமாக இருந்தபோதே அவரிடம் வேலைக்குச் சேர்ந்தவர். மகன் அபுல் ஹசன் பிறந்தது 1588-89இல், இளவரசரின் நிழலில். பதின்மூன்றாம் வயதில் ஜெர்மானிய ஓவியர் டியூரரின் அச்சுப்படத்தைப் பார்த்து அவன் வரைந்த புனித யோவானின் உருவம் இன்றும் ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. 1618இல், ஜஹாங்கீர் அரியணை ஏறும் காட்சியை அவர் தீட்டிக் கொடுத்தபோது, ‘நாதிருஸ் ஸமான்’ (காலத்தின் அதிசயம்) என்ற பட்டம் கிடைத்தது. அந்த நேரத்தில் அரசர் எழுதிய குறிப்பில் ஒரு முள்ளும் உண்டு: தகப்பனின் வேலையை மகனின் வேலையோடு ஒப்பிடவே முடியாதாம்.

ஆகா ரிஸா இதைக் கேள்விப்பட்டாரா, மகனை எண்ணிப் பூரித்தாரா, மனம் நொந்தாரா? அரசர் எழுதவில்லை. ஆனால் அலகாபாத் குஸ்ரு பாக் நுழைவாயில் கல்வெட்டில் அந்தத் தகப்பனின் பெயர் இன்னும் இருக்கிறது. இளைய மகன் ஆபிதும் ஓவியர்தான். ஷாஜஹான் காலத்தில் பெயர் எடுத்தவர்.

இந்தக் குடும்பத்துப் பெண்கள்? தாயின் பெயரோ மனைவியின் பெயரோ அரசரின் குறிப்பில் இல்லை. ஆனால் அந்தப் பட்டறையிலிருந்து ஒரு பெண் பேசுகிறாள். ஐரோப்பிய அச்சுப்படங்களைப் பிரதியெடுத்த நாதிரா பானு, தன்னை மீர் தகியின் மகள், ஆகா ரிஸாவின் மாணவி என்று எழுதி வைத்திருக்கிறாள். எழுதியதால் பிழைத்தாள்.

அரசர்களை வரைந்தவர்கள் எப்படி இருந்தார்கள்? அதற்கும் விடை உண்டு. ஜஹாங்கீரின் கட்டளைப்படி தௌலத் என்ற ஓவியர் தன் சகாக்களை வரைந்தார்: அபுல் ஹசன், மனோகர், பிஷன்தாஸ், கோவர்தன், கூடவே தன்னையும். டெஹ்ரானில் உள்ள குல்ஷன் ஆல்பத்தில் இந்த முகங்களைக் காணலாம். பக்கத்தின் நடுவில் அல்ல, ஓரத்தில்.

ஓரமாவது கிடைத்ததே என்பதுதான் விஷயம். மட்டாஞ்சேரிச் சுவரில் வரைந்தவர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்ல. அவர்கள் பெயரைக் குறித்து வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவே. ஜஹாங்கீரின் அவையில் தோன்றியது.

நம் வீடுகளிலும் பூமாலை போட்ட தாத்தா, பாட்டி படங்கள் தொங்குகின்றன. பழைய சின்னப் புகைப்படத்தைப் பெரிதாக்கி, கண்ணுக்கு ஒளியும் புடவைக்குக் கரையும் கையால் தீட்டிக் கொடுத்த ஓவியர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அவர்களுடைய தொழில் போய்விட்டது. பெயரை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். அப்படி ஒருவர் இன்னும் உங்கள் வீட்டில் இருந்தால், கேட்டுப் படத்தின் பின்பக்கம் எழுதி வையுங்கள். அரச கட்டளை எதுவும் தேவையில்லை, ஒரு பென்சில் போதும்.