அரசுக்கு முப்பது, குடிமகனுக்கு மூன்றா?

புதுவைத் தமிழன் ஒருவன் அரசுக்குப் பணம் தரவேண்டியிருந்தால், அரசு அவன்மேல் முப்பது ஆண்டுகள்வரை வழக்குத் தொடுக்கலாம். அரசே அவனுக்குத் தரவேண்டியிருந்தாலோ, மூன்றாண்டுகளுக்குள் அவன் முறைமன்றப் படியேறியாக வேண்டும். ஒருநாள் பிந்தினும் வழக்கு செத்தது! 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 112-ஆம் உறுப்பு தில்லியரசுக்கும் மாநில அரசுகளுக்கும் வழங்கியுள்ள தனிச்சலுகை இது. 1908-ஆம் ஆண்டின் வெள்ளையர் சட்டத்தில் இஃது அறுபதாண்டாக இருந்தது; பாதியாகக் குறைத்ததையே பெருங்கொடையாகக் கொள்ளவேண்டும் போலும்!

நிலத்தின் கதை இதனினும் கொடிது. அரசு நிலத்தில் குடிமகன் முப்பதாண்டு இருந்தாலன்றி உரிமை பேச முடியாது. அவன் நிலத்தில் அரசு பன்னிரண்டாண்டு இருந்துவிட்டால், ‘இனி எமதே’ என்று வாதாடும். கற்பனையன்று. இமாச்சல மாநிலத்தில் 1967–68-இல் எழுத்தறியாக் கைம்பெண் ஒருவரின் நிலத்தைச் சாலைக்கென எடுத்துக்கொண்ட அரசு, இழப்பீடு தராததோடு, அவ்வாதத்தையே முறைமன்றத்தில் வைத்தது. 2020-இல் உச்ச முறைமன்றம் அதைத் தள்ளி, இழப்பீடு தர ஆணையிட்டது. அரைநூற்றாண்டுக்குப் பின்!

அதே 2020-இல் மத்தியப்பிரதேச அரசு 663 நாள் பிந்தி மேன்முறையீட்டுக்கு வந்தது. உச்ச முறைமன்றம் 25,000 உருபா தண்டம் விதித்தது. அத்தொகையைக் காலத்தாழ்வுக்குப் பொறுப்பான அலுவலரிடமிருந்து பெறவும் ஆணையிட்டது. 

வழக்கிடுமுன் அரசுக்கு இரண்டு திங்கள் அறிவிப்புக் கொடுக்கவேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு. அவ்விரு திங்களைக் காலவரம்பில் கழித்துவிடுகின்றனர் என்பது மெய்யே. ஆயினும் அண்டை வீட்டானுக்கு வேண்டாத முன்னறிவிப்பு அரசுக்கு மட்டும் ஏன்?

1819 முதல் பிரஞ்சுச் சட்டத்தின்கீழ் வாழ்ந்த ஊர் இது. அவ்வுரிமையியல் தொகுப்பின் 2227-ஆம் உறுப்பு, காலவரம்பில் அரசும் தனியாளும் ஒன்றே என்றது, பொதுவரம்பு முப்பதாண்டு. பிரஞ்சியர் அறவோர் என்று எவரும் மயங்க வேண்டா. தம் அரசின் கடன்களுக்கு 1831-இல் ஐந்தாண்டு வரம்பிட்டு, 1968-இல் அதையும் நான்காக்கிக் கொண்டவர்கள் அவர்கள். ஆள்வோர் எவராயினும் தம் கடனுக்குக் குறுங்காலமும் பிறர் கடனுக்கு நெடுங்காலமும் வைக்கின்றனர்!

இவ்வரம்புகளை விளக்கும் உயர்முறைமன்றத் தீர்ப்புகள் எம்மொழியில் எழுதப்படுகின்றன? ஆங்கிலத்தில்! அங்குத் தமிழ் வேண்டுமெனத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானித்தது. 2012-இல் உச்ச முறைமன்றம் மறுத்தது. தன் மொழியில் அறியவியலாத கெடு தமிழனின் கழுத்தில் தொங்குகிறது.

காலவரம்பு பொதுப்பட்டியலின் 13-ஆம் இனத்தில் உள்ளது. புதுவைச் சட்டமன்றம் அதில் சட்டமியற்றலாம்; நடுவண் சட்டத்தோடு முரண்பட்டால் தில்லியின் இசைவு வேண்டும். இசைவு மறுக்கட்டும், மறுத்தவர் யாரென்று நாடறியட்டும்! அரசுக்கும் குடிமகனுக்கும் ஒரே வரம்பு, அரசின் ஆணை தமிழில் கைக்குக் கிடைத்த நாளிலிருந்தே கணக்கு: இவ்விரண்டையும் தம் உறுப்பினரிடம் புதுவைத் தமிழர் எழுத்தில் கேட்கட்டும்.