தகரக் கவசமும் பிள்ளைக் கண்ணும்

மாறுவேடப் போட்டி என்றால் லயத்துப் பிள்ளைகள் பிஸ்கட் தகரத்தில் ‘இரும்பு மனிதன்’ தலைக்கவசம் செய்யக் கிளம்பிவிடுவார்கள். தாய்மார்களே, தடுக்காதீர்கள், கண் துவாரத்தை மட்டும் கவனியுங்கள்.

ஆஸ்திரேலியக் கொள்ளைக்காரன் நெட் கெல்லி 1880-இல் கலப்பை இரும்பில் கவசம் அணிந்து போலீசாரை எதிர்த்தான். எடை சுமார் 44 கிலோ. பார்க்க ஒரு குறுகிய இடுக்குதான். பக்கவாட்டுப் பார்வை போயிற்று; மறைப்பில்லாத காலில் சுடப்பட்டுப் பிடிபட்டான்.

துவாரம் கண்ணைவிட்டு விலக விலகக் காட்சி சுருங்கும். சாவித் துவாரத்தில் கண்ணை ஒட்டிப் பார்த்தால்தானே அறை தெரிகிறது? ஆகவே துவாரம் கண்ணருகே, பக்கவாட்டில் அகலமாக இருக்கட்டும். வெட்டிய விளிம்பை மடித்துத் தட்டித் துணி ஒட்டுங்கள். நெற்றியில் பஞ்சுப் பட்டை வைத்தால் கவசம் சரியாது, தகரமும் முகத்தில் படாது. மூச்சுக்குக் கீழே துளைகள் வேண்டும்.

மேடையோடு சரி. லோரி ஓடும் தோட்டச் சாலையில் கவசத்தைக் கழற்றிவிடச் சொல்லுங்கள்.