விதையைத் திருத்தலாம், பிள்ளையை?



ஆந்திரா பொன்னி என்று நாம் சொல்லும் பிபிடி நெல்லைத் தெரியாத வீடு தஞ்சாவூர்ப் பக்கம் உண்டா? அந்த நெல்லின் மரபணுவில் ஒரு சிறு இடத்தைத் திருத்தி, ஐதராபாத்திலுள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் ‘கமலா’ என்ற ரகத்தை உருவாக்கியிருக்கிறது. 2025 மே மாதம் மத்திய அரசு அதை அறிவித்தது. வேறு உயிரின் மரபணு எதுவும் அதில் இல்லை. ஏறக்குறைய 20 நாள் முன்னதாகவே அறுவடைக்கு வருமாம். தை மாதத் தண்ணீருக்குத் தவம் கிடக்கும் கடைமடைக்காரர்களைக் கேளுங்கள், 20 நாள் என்றால் என்னவென்று.

திருத்திய கருவியின் பெயர் கிரிஸ்பர். 2018-ல் சீன விஞ்ஞானி ஹ ஜியான்குய் அதே கருவியை மனிதக் கருவில் பயன்படுத்தினார். இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கத்தான் செய்தேன் என்றார். மறு வருடம் அவருக்கு மூன்றாண்டு சிறை.

ஆனால் ரத்தத்தில் அம்மோனியா சேரும் பிறவிக் கோளாறு உள்ள ஒரு கைக்குழந்தைக்கென்றே, 2025-ல் அமெரிக்காவில் தனி கிரிஸ்பர் மருந்து தயாரித்துக் கொடுத்தார்கள். அதை யார் வேண்டாம் என்பார்கள்?

நோயோடு நின்றால் சரி. நிற்குமா? ஜீனைப் படிக்கக் கம்ப்யூட்டர், கணிக்க ஏஐ, மூளையில் பதிக்கச் சிப் என்று எல்லாம் கைகோத்துக்கொண்டு வருகின்றன. ‘இன்னும் உயரமா, இன்னும் புத்திசாலியா’ என்று கேட்கும் காலம் தூரத்தில் இல்லை.

நம் வீட்டையே பாருங்களேன். பிள்ளை சிவப்பாகப் பிறக்க வேண்டும் என்று மாசமாக இருக்கும் மருமகளுக்கு இன்றைக்கும் குங்குமப்பூ போட்டுப் பால் காய்ச்சுகிறோம். அதில் கெடுதல் ஒன்றுமில்லை, பணம்தான் போகும். ஆனால் கருவின் வளர்ச்சியைப் பார்க்க வந்த ஸ்கேன் மெஷினை நாம் என்ன செய்தோம்? ஆணா பெண்ணா என்று பார்த்துப் பெண்ணைக் கலைத்தோம். 1994-ல் சட்டமே போட வேண்டி வந்தது. ஸ்கேன் சென்டர் சுவரில் மாட்டியிருக்கும் அறிவிப்புப் பலகை அதனால் வந்ததுதான்.

அதே ஆசையோடு நாளை ஒரு கிளினிக் படி ஏறினால்? விதை சரியில்லை என்றால் அடுத்த சம்பாவுக்கு வேறு வாங்கலாம். கருவில் திருத்தியது பேரப்பிள்ளை வரை போகும்.

இப்போதைக்கு நம் நாட்டில் கருவைத் திருத்த அனுமதி இல்லை. ஆணா பெண்ணா என்று கேட்கவும்தான் அனுமதி இல்லை, கேட்பவர்கள் நின்றுவிட்டார்களா?

உங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சில் ‘பொண்ணு கலரா?’ என்று முதலில் கேட்பது யார்? எழுதுங்கள். அடுத்த இதழில் பேசுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்