கையை விடும் முன்

எருமை இரண்டு நாளாகத் தீவனத்தைத் தொடவில்லை. வாயிலிருந்து எச்சில் ஒழுகுகிறது. தண்ணீரில் மூக்கை வைக்கிறது, விழுங்க முடியவில்லை. தொண்டையில் மாங்கொட்டை சிக்கியிருக்கும் என்கிறார் ஒருவர். இன்னொருவர் கொம்பைப் பிடித்துக்கொள்ள, சொந்தக்காரர் முழங்கை வரை வாய்க்குள் கையை விட்டுத் துழாவுகிறார். கால்நடை மருத்துவர்களைப் பதற வைக்கும் காட்சி இது. அந்த எருமைக்கு ரேபிஸ் எனப்படும் வெறிநோய் வந்திருக்கலாம்.

இது கிராமத்து விவகாரம் மட்டுமல்ல. புனே விமான நிலையத்தை ஒட்டியுள்ள விமான் நகரில் இன்று கண்ணாடிக் கட்டடங்களும் வணிக வளாகங்களும்தான் கண்ணில் படும். ஆனால் பக்கத்து லோஹகாவ் 2017ல்தான் மாநகராட்சிக்குள் வந்தது. நகரம் கிராமத்தை விழுங்கும் இதுபோன்ற விளிம்புகளில் குப்பை மேடு, தெருநாய், கறவை மாடு மூன்றுக்கும் ஒரே சந்துதான். நாய் கடித்த தடம் ரோமத்துக்குள் மறைந்துவிடும். நோய் வெளிப்படச் சில வாரங்கள் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். அதற்குள் கடி மறந்துபோயிருக்கும்.

மாட்டின் மூளையையும் நரம்பையும் தாக்கும் நோய்கள் ஒன்றைப்போல ஒன்று தோற்றமளிப்பவை. கன்று ஈன்ற ஓரிரு நாளில் தள்ளாடி, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்தால் பெரும்பாலும் பால் காய்ச்சல். நரம்பில் கால்சியம் ஏற்றினால் எழுந்துவிடும். நிறையப் பால் கறக்கும் மாடு சுவரையும் தன் உடம்பையும் ஓயாமல் நக்கினால் கீட்டோசிஸாக இருக்கலாம். அது குளுக்கோஸுக்குக் கட்டுப்படும். பழைய பேட்டரியை நக்கிய மாடு பார்வையிழந்து சுவரில் தலையை அழுத்தி நின்றால் ஈய நஞ்சைச் சந்தேகிக்க வேண்டும். காது ஒரு பக்கம் தொங்கி, ஒரே திசையில் வட்டமடித்தால் லிஸ்டீரியா.

வெறிநோய் கண்ட மாடு கரகரத்த குரலில் விடாமல் கதறும், வீணாக முக்கும், பின்னங்கால்கள் மடங்கும். எந்த மருந்துக்கும் தேறாது. பெரும்பாலும் பத்து நாளுக்குள் முடிவு வந்துவிடும். எல்லா மாடும் முட்ட வரும் என்று எதிர்பார்ப்பது தவறு. பல மாடுகள் சாதுவாகவே சாகின்றன.

நோயை உறுதி செய்ய, இறந்த மாட்டின் மூளையைச் சோதிக்க வேண்டும். பிரிட்டனில் 1986ல் பைத்திய மாட்டு நோய் அடையாளம் காணப்பட்டதும் செத்த மாடுகளின் மூளையைப் பரிசோதித்ததால்தான். புனேயிலேயே ஔந்த் பகுதியில் மாநிலக் கால்நடைத் துறையின் நோய் ஆய்வுப் பிரிவு இருக்கிறது. ஆனால் மாதிரி அங்கே போய்ச் சேர வேண்டுமே! மாட்டைப் புதைத்துவிட்டால் நோயின் பெயரும் கூடவே புதைந்துவிடுகிறது. நாயால் பரவும் வெறிநோய்க்கு 2030க்குள் மனிதர் யாரும் பலியாகக்கூடாது என்று 2021ல் தேசியச் செயல்திட்டம் வகுத்த நாட்டில் இது சின்னக் குறை அல்ல.

சந்தேகம் வந்தால் மாட்டைத் தனியே கட்டி, டாக்டரை அழைக்க வேண்டும். எச்சில் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். கையில் கீறல் இருந்தால் தாமதமில்லாமல் தடுப்பூசி. சந்தேகத்துக்குரிய மாட்டின் பாலை யாருக்கும் கொடுக்கக்கூடாது. ஏற்கெனவே நன்றாகக் காய்ச்சிக் குடித்தவர்கள் பீதியடையத் தேவையில்லை.

சிக்கியிருப்பது மாங்கொட்டைதான் என்றால், உறை போட்ட கையோடு டாக்டரே எடுத்துவிடுவார்.