கயிற்றின் நிறம் பார்க்காத சங்கம் வேண்டும்

ஒரகடம் கூட்டுரோட்டில் விடியற்காலை 5.30 மணிக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு ஓரமாக நின்று பாருங்கள். முதல் ஷிஃப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். டிபன் பையைத் தோளில் மாட்டியபடி ஓடிவந்து படியில் தொற்றுகிறவர்களில் பெரும்பாலோர் முப்பதைத் தாண்டாதவர்கள். எல்லோர் கழுத்திலும் அடையாள அட்டை தொங்கும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால்தான் அட்டையைத் தாங்கும் கயிற்றின் நிறம் ஆளுக்கு ஆள் மாறுவது தெரியும். ஒரு நிறம் பெர்மனென்ட். இன்னொன்று டிரெய்னி. மற்றொன்று ‘சி.எல்.’ என்று சுருக்கிச் சொல்லப்படும் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே மாதிரித் திருகாணியைத்தான் முடுக்குகிறார்கள். மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் விழும் தொகையில் மட்டும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் தொழிலாளரில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேர் இப்போது ஒப்பந்தத் தொழிலாளர். தொழிற்சங்க இயக்கத்தின் முன் இன்று நிற்கும் மிகப் பெரிய கேள்வி இவர்கள்தான். இவர்களை உறுப்பினராகச் சேர்த்து, இவர்களுக்கும் சேர்த்தே கூலி பேசும்படி சங்கங்கள் தங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்குக் குறுக்கே நிற்கும் சட்டப் பிரிவுகளை அரசு திருத்த வேண்டும். சென்னையின் சொந்த வரலாறே நம்மை இப்படிப் பேச வைக்கிறது.

1918 ஏப்ரல் 27. பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளருக்காக சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் குறிப்பது இதைத்தான். அதற்கு அடி எடுத்துக் கொடுத்தவர்கள் செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்ற இரு வணிகர்கள். தலைவராக வந்தவர் பி.பி. வாடியா; பம்பாய் பார்சி, அன்னி பெசன்ட் அம்மையாரின் ‘நியூ இந்தியா’ பத்திரிகையில் பணியாற்றியவர். துணைத் தலைவர்களில் ஒருவர் திரு.வி.க. தொழிலாளர் முதலில் கேட்டவை எவ்வளவு எளியவை என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது: மதியச் சாப்பாட்டுக்கு விட்ட அரை மணி நேரத்தைக் கொஞ்சம் நீட்டித் தாருங்கள், மேலாளர்கள் எங்களை அடிக்காமல் இருக்கட்டும்.

இதற்கே கதவடைப்பு வந்தது. 1920 டிசம்பரில் துப்பாக்கிச் சூடும் நடந்தது. ஆனால் நிர்வாகத்துக்குக் கைகொடுத்த ஆயுதம் வழக்குதான். தொழிலாளர் தங்கள் வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தூண்டினார்கள் என்று வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் நஷ்டஈடு கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனது நிர்வாகம். நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கூலி உயர்வு கேட்பதற்காகக் கூடுவதே சட்டப்படி சதியாகிவிடும் நிலை. கடைசியில் வாடியா தொழிலாளர் இயக்கத்தை விட்டே விலக நேர்ந்தது. இந்த அநியாயம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. 1921 மார்ச்சில் மத்தியச் சட்டமன்றத்தில் என்.எம். ஜோஷி, சங்கங்களுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஐந்து ஆண்டு இழுபறிக்குப் பிறகு வந்ததுதான் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். பெரம்பூர்த் தொழிலாளி பட்ட அடியில் பிறந்த சட்டம் அது.

இந்தப் பெருமையை மேடைதோறும் சொல்கிறோம். 1921இல் நடந்ததை மட்டும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

அந்த ஆண்டின் நடுவில் ஆலைகளில் மீண்டும் வேலைநிறுத்தம் மூண்டது. மாதக்கணக்கில் நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள், ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்றார். வேலைநிறுத்தம் செய்தவர்களுக்கும் வேலைக்குப் போனவர்களுக்கும் இடையே மூண்ட பகை புளியந்தோப்புக் கலவரமாக வெடித்தது. குடிசைகள் எரிந்தன. ஆகஸ்ட் 29ஆம் தேதி போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. அக்டோபரில் போராட்டம் தோற்று முடிந்தது. சங்கம் அந்த அடியிலிருந்து எழ வெகுகாலம் பிடித்தது.

வேலைக்குப் போனவர்களைக் கருங்காலிகள் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. நூறு ஆண்டுகளாக அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறோம். ஆனால் நேர்மையாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆலைக்குள் தோளோடு தோள் நின்று வேலை செய்தவர்களை, ஆலைக்கு வெளியே தெருவில் சமமாக நடக்க விட்டோமா? மாதக்கணக்கில் கூலியில்லாமல் தாக்குப்பிடிக்க ஊர்ப்பக்கம் நிலமோ, கடன் தரும் உறவோ இல்லாத குடும்பங்கள் எப்படிச் சமாளிக்கும் என்று சங்கம் யோசித்ததா? நிர்வாகமும் அரசும் அந்தப் பிளவைத் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டன என்பது உண்மை. அந்தப் பிளவை அவர்கள் உண்டாக்கவில்லை, அது ஏற்கெனவே இருந்தது என்பதும் உண்மை. எளியவரிலும் எளியவரைத் தன்னுடையவராக ஆக்கிக்கொள்ளாத சங்கம், நெருக்கடி வரும் நாளில் அந்த இடத்தில்தான் உடையும். 1921 நமக்கு விட்டுச்சென்ற கணக்கு இது. அன்று சாதி போட்ட கோட்டை இன்று ஒப்பந்தக்காரரின் பதிவேடு போடுகிறது. பல ஆலைகளில் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகவே விழுகின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

வேறு பாதையும் இருந்தது. லண்டன் துறைமுகத்தில் 1889 வரை கூலியாட்கள் தினமும் காலையில் வாசலில் முண்டியடித்து நிற்க வேண்டும். மேஸ்திரி விரல் நீட்டியவருக்கு மட்டும் அன்றைக்கு வேலை. இவர்களையெல்லாம் சங்கத்தில் சேர்க்கவே முடியாது என்பது அந்நாளைய கைவினைஞர் சங்கங்களின் முடிந்த முடிவு. ஆனால் அந்த ஆகஸ்டில் பென் டில்லட், டாம் மான், ஜான் பர்ன்ஸ் ஆகியோரின் பின்னால் அந்தக் கூலியாட்களே திரண்டார்கள். மணிக்கு ஆறு பென்ஸ் கூலி, கூப்பிட்டால் குறைந்தது நான்கு மணி நேர வேலை என்று கேட்டார்கள். ஏறத்தாழ ஐந்து வாரம் துறைமுகம் அசையவில்லை. ஆறு பென்ஸை வாங்கினார்கள். பிரிட்டிஷ் தொழிற்சங்கங்கள் வெகுமக்கள் இயக்கமாக மாறிய திருப்பம் அது. அதற்கு முந்தைய ஆண்டுதான் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார் அன்னி பெசன்ட். முப்பது ஆண்டு கழித்து அவருடைய சகா வாடியா பெரம்பூருக்குப் போனதன் வேர் அங்கே இருக்கிறது.

துறைமுகப் போராட்டத்தில் இரவு பகலாக எழுத்து வேலை பார்த்தவர்களில் ஒருவர் எலினார் மார்க்ஸ். அவருடைய தந்தையிடமிருந்தும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது உண்டு. 1865 ஜூனில் முதலாம் அகிலத்தின் பொதுக்குழுவில் ஜான் வெஸ்டன் என்ற தச்சர், கூலியை உயர்த்தினால் விலைவாசி உயரும், ஆகவே தொழிலாளிக்கு ஒரு பயனும் இல்லை, சங்கங்களால் தீங்குதான் என்று வாதிட்டார். வெஸ்டன் முதலாளிகளின் ஆள் அல்லர். ஓவன் வழிவந்த நல்ல சோசலிஸ்ட். மார்க்ஸ் இரண்டு கூட்டங்களில் அவருக்குப் பதில் சொன்னார். விளையும் மதிப்பு கூலியாகவும் லாபமாகவும் பிரிகிறது. கூலி ஏறினால் பொதுவாக லாபத்தின் பங்குதான் குறையும், விலைகள் ஏற வேண்டியதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். அதே உரையில் சங்கங்களுக்கும் ஓர் எச்சரிக்கை வைத்தார்: அன்றாடக் கூலிச் சண்டையோடு நின்றுவிட்டால் விளைவுகளோடு மட்டுமே மோதிக்கொண்டிருப்பீர்கள், காரணத்தைத் தொட மாட்டீர்கள். இரண்டு ஆண்டு கழித்து வந்த ‘மூலதனம்’ நூலில் அந்தக் காரணங்களில் ஒன்றை விரித்து எழுதினார். வேலையில்லாமலும் அரைகுறை வேலையோடும் வாசலில் காத்திருக்கும் சேமப்படை இருக்கிறவரை, உள்ளே இருப்பவரின் கூலியும் உயராது. மார்க்ஸை ஏற்காதவர்கள்கூட இதை மறுக்க வேண்டியதில்லை. எந்த சிப்காட் வளாகத்திலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். பக்கத்தில் நிற்பவருக்குக் குறைந்த கூலி கொடுத்து அதே வேலையை வாங்க முடிகிறது என்றால், நிரந்தரத் தொழிலாளியின் அடுத்த கூலி ஒப்பந்தம் அங்கேயே வலுவிழந்துவிடுகிறது.

இந்த நிலையில் சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 1926 சட்டத்தையும் விழுங்கிவிட்டன. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு இனி எல்லாத் தொழிலுக்கும் கட்டாயம். முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த கட்டுப்பாடு இது. பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம். 300 பேருக்குக் குறைவாக இருக்கும் ஆலையை அரசின் முன்அனுமதி இல்லாமல் மூடலாம். முன்பு அந்த வரம்பு 100. ஒரு நல்ல அம்சமும் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை: பேச்சுவார்த்தைச் சங்கம் என்ற அங்கீகாரம் முதன்முறையாக நாடு முழுவதற்குமான சட்டத்தில் ஏறியிருக்கிறது. 51 சதவீத ஆதரவு உள்ள சங்கத்தோடு நிர்வாகம் பேசியாக வேண்டும். ஆனால் அந்த 51 சதவீதம் கணக்கிடப்படுவது நிறுவனத்தின் மஸ்டர் ரோலை வைத்து. ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் அதில் இருக்காது. ஒப்பந்தக்காரரின் ஏட்டில் இருக்கும். ஆக, ஆலையில் யார் பேசுவது என்று தீர்மானிக்கும்போது அவர் எண்ணிக்கையிலேயே இல்லை. மைய வேலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர் கூடாது என்று இன்னொரு சட்டம் சொல்கிறது. உடனே மூன்று விலக்குகளையும் தருகிறது. அவற்றில் ஒன்று, வழக்கமாக ஒப்பந்தக்காரர் மூலமே நடக்கும் வேலை என்பது. தவறு பழகிவிட்டால் சட்டமாகிவிடும் என்றல்லவா இதற்குப் பொருள்!

இப்படியெல்லாம் கேட்டால் முதலீடு ஓடிவிடும் என்பார்கள். 1918லிருந்து சங்கம் இருக்கும் மாநிலம் இது. நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகள் இருப்பதும் இங்கேதான். சங்கத்தைக் கண்டு ஓடியிருந்தால் எப்போதோ ஓடியிருக்கும். முதலீட்டாளர் அஞ்ச வேண்டியது பேச ஆளில்லாமல் கோபம் மட்டும் தேங்கி நிற்கும் ஆலையைத்தான். ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்ததை எண்ணிப் பாருங்கள். சங்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பது தொழிலாளருடைய முதன்மைக் கோரிக்கை. பதிவு கிடைத்தது 2025 ஜனவரியில், அதுவும் நீதிமன்றம் வரை போன பிறகு. 1926 சட்டத்தின் கீழ் ஏழு பேர் கையெழுத்திட்டு விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது. எத்தனை நாளில் பதிவு தர வேண்டும் என்ற கெடு அதில் இல்லை. அந்த ஓட்டை வழியாக எத்தனை சங்கங்கள் பிறக்கும் முன்பே நசுக்கப்பட்டிருக்கும்!

மாநில அரசு செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. தொழிலாளர் நலம் பொதுப் பட்டியலில் உள்ள பொருள். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. எதிர்ப்பு எழுந்ததும் மே தினத்தன்று அரசு அதைத் திரும்பப் பெற்றது. கேட்டால் அரசு அசையும் என்பதற்கு அது சாட்சி. பதிவு விண்ணப்பத்துக்கு 30 நாள் கெடு வையுங்கள். பேச்சுவார்த்தைச் சங்கத்தை ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்க ஏற்பாடு செய்யுங்கள். அந்த வாக்காளர் பட்டியலில் ஆலைக்குள் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளரையும் சேருங்கள். சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிக அரசு ஊழியருக்கும் உரியது என்று உச்ச நீதிமன்றம் 2016இல் பஞ்சாப் வழக்கில் சொன்னது. முதலில் அரசுத் துறைகளிலும் அரசு நிறுவனங்களிலும் அதை நடைமுறைப்படுத்திக் காட்டுங்கள். அதன் பிறகு தனியாரைப் பார்த்துச் சொல்ல நாக்கில் வலு இருக்கும்.

சங்கங்களுக்கு நாம் சொல்ல வேண்டியது இதைவிடக் கடினமானது. நிரந்தரத் தொழிலாளருக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் நல்ல உயர்வு வாங்கித் தருகிறீர்கள். அதற்கு ஈடாக ஒப்பந்தத் தொழிலாளரைப் பெருக்கிக்கொள்ள நிர்வாகத்துக்குக் கண்ணை மூடி வழி விட்ட சங்கங்களும் உண்டு என்பது உங்களுக்கே தெரியும். அந்தப் பேரத்தை நிறுத்துங்கள். சந்தாவைக் கூலிக்கேற்ப வையுங்கள். அடுத்த கோரிக்கைப் பட்டியலின் முதல் வரியில் சி.எல். தொழிலாளியின் கூலி இருக்கட்டும். அந்தப் பட்டியலை இறுதி செய்யும் பொதுக்குழுவில் அவர்களும் உட்கார்ந்திருக்கட்டும். அவர்களுக்கு அன்றாடம் ஓவர்டைம் இருக்கும், ஒப்பந்தக்காரரின் வேன் வரும்வரை வாசலில் காத்துக் கிடக்க வேண்டியிருக்கும். கூட்டத்தை அவர்கள் வந்து சேரும் நேரத்துக்கு மாற்றி வையுங்கள்.